நிகழ்தகவுக் கணக்கு எங்கே இடிக்கிறது? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

நிகழ்தகவில் தப்பாய்ப் போன கணக்கு லேசில் காட்டிக்கொடுக்காது. சமன்பாடு என்றால் விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்த்துவிடலாம். இங்கே 2/3 வந்தாலும் 3/4 வந்தாலும் இரண்டும் ஒரே மாதிரி யோக்கியமாக நிற்கும். அதனால் விடையை உற்றுப் பார்த்துப் பயனில்லை. அது எந்த விதத்தில் தப்பாக இருக்கிறது என்று பார்த்தால்தான் எங்கே தப்பினோம் என்று பிடிபடும். கீழே அறிகுறி வாரியாகக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது எதுவோ அதற்கு நேரே போய்விடலாம்.

போவதற்கு முன் இரண்டு பழக்கங்கள். சூத்திரத்தைத் தொடும் முன், "மொத்தம் இவை, இவற்றில் எனக்கு வேண்டியவை இவை" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்த "மொத்தம் இவை"தான் கூறுவெளி. தொடக்க நிலையில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை சூத்திரத்தில் நடப்பதில்லை, இந்த வரியை எழுதாமல் விட்டதில்தான் நடக்கின்றன. இரண்டாவது, கணக்கு முடியும்வரை பின்னத்தைச் சுருக்காதீர்கள். 20/56 என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும். 5/14 என்று சுருக்கிவிட்டால் 56 எங்கிருந்து வந்தது என்ற தடயமே போய்விடும். பிழை தேடும்போது அந்தத் தடயம்தான் வேண்டும்.

விடை 1-ஐத் தாண்டிவிட்டது, அல்லது சந்தேகப்படும்படி சரியாக 1 என்றே வந்து நிற்கிறது

இருப்பதிலேயே நல்ல அறிகுறி இதுதான், தப்பு என்று தானே சொல்லிவிடுகிறது. காரணம் அநேகமாக ஒன்றுதான்: கூட்டக் கூடாததைக் கூட்டியிருப்பீர்கள்.

முதல் வகை, ஒரே முயற்சியில் "இது அல்லது அது" என்று கேட்கும் கணக்கு. 52 சீட்டுள்ள கட்டிலிருந்து ஒன்றை எடுக்கிறோம். அது ராஜாவாகவோ ஹார்ட்டாகவோ இருக்க வேண்டும். ராஜா 4, ஹார்ட் 13, ஆக 17/52 என்று எழுதினால் ஹார்ட் ராஜாவை இரண்டு முறை எண்ணிவிட்டோம். ஒன்றைக் கழித்தால் 16/52. பொதுவாக இருப்பது ஒரே சீட்டு என்பதால் விடை 1-ஐத் தாண்டவில்லை, பிழை சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்துகொண்டது. பொதுப்பகுதி பெரிதாக இருந்தால் மட்டும்தான் 1-ஐத் தாண்டிக் காட்டிக்கொடுக்கும். ஆகவே "அல்லது" வந்தாலே, இரண்டும் ஒன்றாக நடக்க வழி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வகை, பல முயற்சிகளைக் கூட்டுவது. பகடையை ஆறு முறை உருட்டினால் ஒரு ஆறாவது விழ நிகழ்தகவு என்ன? 1/6-ஐ ஆறு முறை கூட்டினால் 1. அதாவது கட்டாயம் விழும்! ஏழு முறை உருட்டினால் 7/6. சரியான விடை, ஆறே விழாமல் போகும் வாய்ப்பைக் கழிப்பது: 1 − (5/6)⁶ = 31031/46656, ஏறக்குறைய 0.665. மூன்று பேர் ஆளுக்கு ஆறு முறை உருட்டினால் சுமார் ஒருவருக்கு ஆறே விழாது.

அப்படியானால் அந்த 6 × 1/6 = 1 வெறும் குப்பையா? இல்லை. ஆறு முறை உருட்டினால் சராசரியாக எத்தனை ஆறு விழும் என்ற கேள்விக்கு அதுதான் விடை. அதற்கு எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெயர். எதிர்பார்ப்பு மதிப்பு 1-ஐத் தாராளமாகத் தாண்டலாம், நிகழ்தகவு தாண்டக் கூடாது. கணக்கு சரி, ஆனால் வேறு கேள்விக்கு விடை.

விடை எதிர்மறையாக வந்திருந்தாலும் இதே இடத்தில்தான் தேட வேண்டும். 1-ஐத் தாண்டிய எதையோ 1-லிருந்து கழித்திருப்பீர்கள்.

விடை 0-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருக்கிறது, எண்ணியதும் சரி, ஆனாலும் பொருந்தவில்லை

எண்ணியது சரிதான். எண்ணியவை சம எடை உள்ளவையா? "வேண்டியவை வகுத்தல் மொத்தம்" என்ற சூத்திரம் எல்லா விளைவுகளுக்கும் சம வாய்ப்பு இருந்தால் மட்டுமே செல்லும். இந்த நிபந்தனையைப் புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், படிப்பவர்களும் அப்படியே தாண்டிவிடுகிறார்கள்.

இதில் விழுந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பிரெஞ்சுக் கணித மேதை டாலம்பேர் 1754-இல் ஒரு கணக்கை எடுத்துக்கொண்டார். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் நிகழ்தகவு என்ன? முதலிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் பூ-தலை அல்லது பூ-பூ. ஆக மூன்று வழிகள், இரண்டு சாதகம், எனவே 2/3 என்றார். சரியான விடை 3/4. அவர் எழுதிய மூன்று வழிகளும் உண்மையில் இருக்கின்றன. ஆனால் முதலாவதன் எடை 1/2, மற்ற இரண்டுக்கும் 1/4 வீதம்தான்.

இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகைக்கு 2 முதல் 12 வரை பதினொரு மதிப்புகள் உண்டு, அதனால் 7 விழ 1/11 என்று எழுதுவதும் இதே பிழைதான். கூட்டுத்தொகை 2-க்கு ஒரே வழி, 7-க்கு ஆறு வழி. விடை 6/36.

இதையே கொஞ்சம் நுணுக்கமாகக் கலிலியோ பார்த்தார். மூன்று பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வர ஆறு சேர்க்கைகள், 10 வரவும் ஆறு சேர்க்கைகள். ஆனாலும் சூதாடிகள் தங்கள் அனுபவத்தில் 10 சற்று அதிகம் வருவதைக் கண்டிருந்தார்கள். காரணம் வரிசையில் இருக்கிறது. 6, 2, 1 என்ற சேர்க்கை ஆறு விதமாக விழலாம், 5, 2, 2 மூன்று விதமாக, 3, 3, 3 ஒரே விதமாக. எல்லாவற்றையும் கூட்டினால் 9-க்கு 25 வழிகள், 10-க்கு 27. மொத்தம் 216. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. உருட்டி உருட்டிப் பார்த்தே அதைக் கண்டுகொண்டார்கள் என்றால் அவர்கள் எவ்வளவு உருட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய எளிய வழி, ஒவ்வொரு பகடைக்கும் மனசுக்குள் ஒரு நிறம் பூசிவிடுவது. சிவப்பில் 2, நீலத்தில் 5 விழுவதும் சிவப்பில் 5, நீலத்தில் 2 விழுவதும் வேறு வேறு என்று அப்போது கண்ணுக்கே தெரியும். நிறம் பூசுவதால் நிகழ்தகவு மாறிவிடுமோ என்று சிலர் தயங்குவார்கள். பகடைக்கு அதன் நிறம் தெரியாது.

உங்கள் விடை சரியான விடையில் பாதி, அல்லது இரு மடங்கு

வரிசையை ஓர் இடத்தில் கணக்கில் எடுத்துவிட்டு இன்னோர் இடத்தில் விட்டிருக்கிறீர்கள்.

பையில் 5 சிவப்புப் பந்து, 3 நீலப் பந்து. இரண்டை எடுக்கிறோம், முதலில் எடுத்ததைத் திரும்பப் போடவில்லை. சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று வர நிகழ்தகவு என்ன? 5/8 × 3/7 = 15/56 என்று நிறுத்தினால் அது பாதிதான். முதலில் சிவப்பு, அப்புறம் நீலம் என்ற ஒரு வழி மட்டும் அதில் இருக்கிறது. நீலம் முதலில் வரும் வழிக்கும் 15/56 உண்டு. மொத்தம் 30/56.

இங்கேதான் சுருக்காமல் வைத்த பின்னம் உதவும். இரண்டும் சிவப்பு 20/56. இரண்டும் நீலம் 6/56. ஒவ்வொன்றில் ஒன்று 30/56. கூட்டினால் 56/56. வேறு வழியே இல்லாதபடி எல்லா வகைகளையும் எழுதி, கூட்டுத்தொகை 1 வருகிறதா என்று பார்ப்பதைவிட நல்ல சோதனை இந்தப் பாடத்தில் கிடையாது. தேர்வில் அரை நிமிடம் மிச்சமிருந்தால் அதற்கே செலவழியுங்கள்.

வரிசையே வேண்டாம் என்றும் போடலாம். 8-இல் 2 எடுக்க 28 வழி, அதில் சிவப்பு ஒன்று நீலம் ஒன்று 5 × 3 = 15 வழி, ஆக 15/28. இதுவும் 30/56-ம் ஒன்றுதான். எந்த முறையிலும் போடலாம், மேலே ஒன்று கீழே ஒன்று என்று கலக்கக் கூடாது. மேலே வரிசை பார்க்காத 15-ஐ வைத்துக் கீழே வரிசை பார்த்த 56-ஐப் போட்டால் விடை பாதியாகிவிடும்.

விடை பாதியும் இல்லை, இரு மடங்கும் இல்லை, கொஞ்சமே கொஞ்சம் விலகியிருக்கிறதா? அப்படியென்றால் திரும்பப் போட்டார்களா இல்லையா என்பதைக் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். இரண்டும் சிவப்பு என்பதற்குத் திரும்பப் போட்டால் 25/64, போடாவிட்டால் 20/56. முதலாவது 0.39, இரண்டாவது 0.36.

"குறைந்தது" என்று தொடங்கும் கணக்கு பக்கம் பக்கமாக நீள்கிறது

எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். நடக்காமல் போகும் நிகழ்தகவைக் கண்டுபிடித்து 1-லிருந்து கழித்துவிடலாம். அதற்குப் பெயர் நிரப்பு நிகழ்ச்சி. இதில் தடுக்குவது ஓர் இடம்தான், எதிர்ப்பக்கத்தைச் சரியாக எழுதாதது. "குறைந்தது ஒன்று" என்பதன் எதிர்ப்பக்கம் "ஒன்றுகூட இல்லை". "குறைந்தது இரண்டு" என்பதன் எதிர்ப்பக்கம் "ஒன்றுகூட இல்லை" அல்ல. "ஒன்றுமில்லை அல்லது ஒன்றே ஒன்று". பத்து நாணயங்களைச் சுண்டினால் குறைந்தது இரண்டு தலை விழும் நிகழ்தகவு 1 − 1/1024 − 10/1024 = 1013/1024. அந்தப் பத்தை மறந்து 1023/1024 என்று எழுதுபவர்கள் ஏராளம்.

இந்தத் துறை பிறந்த கதையிலேயே இப்படி ஒரு கணக்கு வருகிறது. ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டுவது லாபம். இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் ஒரு இரட்டை ஆறாவது விழும் என்பதும் அதேபோல் லாபமாகத்தானே இருக்க வேண்டும், 4/6-ம் 24/36-ம் ஒன்றுதானே என்பது ஷெவாலியே டி மேரே என்ற பிரெஞ்சுச் சூதாட்டப் பிரியரின் கேள்வி. 1654-இல் கணித மேதை பாஸ்கல் இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இது வருகிறது. முதலாவது 1 − (5/6)⁴, அதாவது 0.518. இரண்டாவது 1 − (35/36)²⁴, அதாவது 0.491. ஒன்று பாதிக்கு மேலே, மற்றது பாதிக்குக் கீழே. மேலே பார்த்த கூட்டல் பிழைதான், விகிதம் என்ற வேஷத்தில் வந்திருக்கிறது.

பெருக்கினேன், தப்பு. கூட்டினேன், அதுவும் தப்பு

இது கொஞ்சம் ஆழமான கோளாறு. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளும் சார்பிலா நிகழ்ச்சிகளும் ஒன்றே என்று மனதில் பதிந்திருக்கிறது. இரண்டிலும் "ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை" என்ற வாடை அடிப்பதால் குழப்பம் நியாயமானதே. உண்மையில் இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர்.

விலக்கும் நிகழ்ச்சிகள் என்றால் ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே முடியாது. ஒரு முறை உருட்டிய பகடையில் 2 விழுந்துவிட்டது என்று சொன்னால், 5 விழவில்லை என்று அடித்துச் சொல்லிவிடலாம். ஒன்றைப் பற்றித் தெரிந்ததும் மற்றதைப் பற்றி எல்லாமே தெரிந்துவிடுகிறது. இதைவிட நெருக்கமான சம்பந்தம் உண்டா? சார்பிலா நிகழ்ச்சிகள் இதற்கு நேர்மாறு. ஒன்று நடந்தது என்று தெரிந்த பிறகும் மற்றதன் நிகழ்தகவு இம்மியும் நகராது. ஆகவே பூச்சியமல்லாத நிகழ்தகவு உள்ள இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் விலக்குபவையாகவும் சார்பிலாதவையாகவும் இருக்க முடியாது.

வட்டங்கள் போட்டு விளக்கும் வெண்படம் இந்த இடத்தில் கெடுதல்தான் செய்கிறது என்பது என் கருத்து. தனித்தனியாக வரைந்த இரண்டு வட்டங்களைப் பார்த்ததும் "சார்பு இல்லை" என்று கண் சொல்லும். அவை விலக்குபவை. சார்பின்மையைப் படத்தில் பார்க்க முடியாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

எண்ணிப் பார்ப்போம். 52 சீட்டில் ராஜாவும் ஹார்ட்டும் சார்பிலாதவையா? கட்டு முழுவதிலும் ராஜாவின் பங்கு 4/52, அதாவது 1/13. ஹார்ட்டை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் 13-இல் 1 ராஜா. அதே 1/13. ஹார்ட் என்று தெரிந்ததால் எதுவும் மாறவில்லை, எனவே சார்பிலாதவை. இப்போது கட்டிலிருந்து ஸ்பேட் இரண்டை மட்டும் எடுத்துத் தூரப் போடுங்கள். அது ராஜாவும் இல்லை, ஹார்ட்டும் இல்லை. ஆனால் மொத்தம் 51 ஆகிவிட்டது. கட்டில் ராஜாவின் பங்கு 4/51, ஹார்ட்டுக்குள் இன்னும் 1/13. இரண்டும் சமமில்லை, சார்பின்மை போய்விட்டது. சம்பந்தமே இல்லாத ஒரு சீட்டு போனதால் இது நடந்தது. "இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு" என்ற உள்ளுணர்வை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

"மற்றும்" என்றால் பெருக்கு, "அல்லது" என்றால் கூட்டு என்று மனப்பாடம் செய்தவர்கள் பாதி விதியைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். சும்மா பெருக்குவதற்குச் சார்பின்மை வேண்டும். அது இல்லையென்றால் இரண்டாவது எண்ணை, முதலாவது நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு கணக்கிட வேண்டும். பந்துக் கணக்கில் 3/8 இல்லாமல் 3/7 வந்தது அப்படித்தான். சும்மா கூட்டுவதற்கு இரண்டும் விலக்குபவையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பொதுப்பகுதியைக் கழிக்க வேண்டும்.

"என்று தெரிந்தால்" வரும் கணக்கில் விடை ரொம்பப் பெரிதாக வருகிறது

ஒன்று நடந்தது என்று தெரிந்தபின் மற்றது நடக்கும் நிகழ்தகவுக்கு நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர். அதைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். படித்து முடித்த மருத்துவர்களுக்கே இந்த இடத்தில் சறுக்கும்.

ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சோதனை சரியாகக் கண்டுபிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்கும் தவறுதலாக "இருக்கிறது" என்று காட்டிவிடுகிறது. ஒருவருக்குச் சோதனை "இருக்கிறது" என்று காட்டினால், அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும் நிகழ்தகவு என்ன? கை தானாக 90 சதவீதம் என்று எழுதும்.

சூத்திரம் வேண்டாம். 10,000 பேரை வரிசையில் நிறுத்துங்கள். நோய் உள்ளவர்கள் 100, இல்லாதவர்கள் 9,900. அந்த 100-இல் 90 பேருக்கு "இருக்கிறது" என்று வரும். 9,900-இல் 5 சதவீதம், 495 பேருக்கும் அப்படியே வரும். ஆக "இருக்கிறது" என்று வந்தவர்கள் மொத்தம் 585. அவர்களில் உண்மையான நோயாளிகள் 90. 90/585, சுமார் 0.154.

ஆறில் ஒன்றுகூட இல்லை! சோதனை மட்டமானது என்பதால் அல்ல. நோய் இல்லாதவர்கள் அவ்வளவு அதிகம் இருப்பதால் அவர்களிடம் நடக்கும் சின்னப் பிழைகூட நோயாளிகளின் எண்ணிக்கையை மூழ்கடித்துவிடுகிறது. பேயிஸ் தேற்றம் செய்வது இதே வேலையைத்தான். ஆட்களை எண்ணிப் பழகிய பிறகு அந்தச் சூத்திரத்தைப் பார்த்தால் பயம் வராது. அதில் பின்னத்தின் கீழே இருக்கும் நீண்ட கூட்டல் வேறொன்றும் இல்லை, நம்முடைய 585-தான்.

கேள்வியில் "நோய் உள்ளவர்களில்" என்று இருந்தால் பகுதியில், அதாவது பின்னத்தின் கீழே, நோயாளிகள் வருவார்கள். "சோதனையில் இருக்கிறது என்று வந்தவர்களில்" என்று இருந்தால் பகுதியில் அவர்கள் வருவார்கள். கேள்வி சுற்றி வளைத்து எழுதப்பட்டிருந்தால், இந்த வடிவத்துக்கு நீங்களே மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

தகவல் எப்படிக் கிடைத்தது என்பதும் முக்கியம். இரண்டு பகடைகளை உருட்டியாயிற்று. "சிவப்புப் பகடையில் ஆறு" என்று சொன்னால் இரண்டுமே ஆறாக இருக்க நிகழ்தகவு 1/6. "இரண்டில் ஒன்றிலாவது ஆறு" என்று மட்டும் சொன்னால் 1/11. 36 கட்டங்களை வரைந்து, குறைந்தது ஓர் ஆறு உள்ள கட்டங்களை எண்ணுங்கள், பதினொன்று இருக்கும். இரட்டை ஆறு அதில் ஒன்று.

கணக்கு ஒன்று சொல்கிறது, சுண்டிப் பார்த்தால் வேறு வருகிறது

பத்து முறை சுண்டியதில் ஏழு தலை விழுந்தால் கணக்கு தப்பில்லை, நாணயமும் கோணல் இல்லை. சரியாக ஏழு தலை விழும் நிகழ்தகவே 120/1024, ஒன்பது தடவைக்கு ஒரு தடவை போல.

தொடர்ந்து ஐந்து தலை விழுந்துவிட்டது, இனி பூ விழுந்துதான் ஆக வேண்டும் என்று நினைத்தால் அது வேறு பிழை. ஆறு தலைக்கும், ஐந்து தலைக்குப் பின் ஒரு பூவுக்கும் ஒரே 1/64-தான். 1913-இல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் கறுப்பு 26 முறை தொடர்ந்து விழுந்தது. இனி சிவப்புதான் என்று கட்டியவர்கள் பெரும் பணத்தை விட்டார்கள்.

நீண்ட ஓட்டத்தில் விகிதம் 1/2-ஐ நெருங்கும் என்பது பெருமெண்களின் விதி. அதற்குக் கணித மேதை யாக்கோபு பெர்னூலி தந்த நிறுவல் 1713-இல் வெளியானது. முன்பு விழுந்த தலைகளுக்கு யாரோ ஈடு செய்வார்கள் என்று அது சொல்லவில்லை. 100 முறை சுண்டினால் தலைகள் 50-லிருந்து 5 போல விலகுவது சகஜம். 10,000 முறை என்றால் 5,000-லிருந்து 50 போல விலகுவது சகஜம். விலகல் எண்ணிக்கையில் வளர்ந்திருக்கிறது, விகிதத்தில் 0.05-லிருந்து 0.005-க்கு இறங்கியிருக்கிறது. பழைய தலைகளை யாரும் அழிக்கவில்லை, பெரிய மொத்தத்தில் அவை கரைந்துபோகின்றன.

கணினியில் ஓட்டிச் சரிபார்க்கிறீர்கள் என்றால் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 10,000 முறை ஓட்டியபின் உங்கள் விடைக்கும் கணினி காட்டும் விகிதத்துக்கும் 0.01-க்குள் வித்தியாசம் இருந்தால் அது பெரும்பாலும் தற்செயல். 0.02-ஐத் தாண்டினால் தாளில் போட்ட கணக்கையும் நிரலையும் இரண்டையும் சந்தேகியுங்கள்.